முன்பக்கம் சாயும் வீட்டிலிருந்து சம்பந்தியம்மாளுக்கு

உப்புத்துறைத் தெரு, ஹோர்ன்
வெள்ளிக்கிழமை, காலைக் காப்பிக்கு முன்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தியம்மாள் விலமீனா அவர்களுக்கு,

ஹோர்னிலிருந்து நேல்ட்சே எழுதுவது. ஆண்டவருடைய இரக்கத்தால், இந்தக் கடிதத்தின் முதல் வரியை எழுதும்வரை நானும் என் வீட்டுக்காரர் ஹார்மனும் எங்கள் வீடும் நின்றுகொண்டிருக்கிறோம். அடுத்த வரியைப் பற்றி நான் வாக்குக் கொடுப்பதற்கில்லை. தங்கள் முழங்கால், தங்கள் வீட்டுக்காரர் பெரென்ட் அவர்களுடைய மாடுகள், தங்கள் மகனும் எங்கள் மருமகனுமாகிய ரூபன், அனைவரும் சுகமாயிருக்க அன்றாடம் ஜெபிக்கிறேன். இந்த வாரம் என் ஜெபத்தில் வீடே அதிக நேரத்தை எடுத்துக்கொண்டபடியால் தங்கள் முழங்காலுக்குச் சற்றுக் குறைந்திருக்கலாம். மன்னிக்கவும்.

விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த சனிக்கிழமை நம் பேத்தி ஃபெம்கேவுக்கு முதல் பிறந்தநாள். நம் பிள்ளைகளுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஏதோ ஒரு காரணத்தால் தட்டிப்போய், இப்போதுதான் முதல் தடவையாகக் காம்பனிலிருந்து தங்கள் குடும்பம் மொத்தமும் எங்கள் வாசல்படி ஏற ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நம் வழக்கப்படி முன்னறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, வருகிறவர்கள் ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து வாழ்த்துச் சொல்லி உட்கார்ந்து, காப்பியும் கேக்கும் ஆன பிறகு சீஸ் துண்டும் ஊறுகாய் வெள்ளரியும் சாப்பிடுவது என்று ஏற்பாடு. இதற்காக நான் எவ்வளவு நாள் காத்திருந்தேன் என்பது ஆண்டவருக்குத் தெரியும். அப்படிப்பட்ட நானே, தயவுசெய்து வந்து எங்கள் முன்னறையில் உட்காராதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு தெருவைப் பார்த்த வீடு. மறைக்க ஒன்றுமில்லாத வீட்டுக்குத் திரை எதற்கு என்று நானும் தங்களைப் போலத்தான், ஜன்னலுக்குத் திரை போடுவதில்லை. வாரத்தில் செவ்வாயும் வியாழனும், ஊர் சுற்றிக் காட்டுகிற திரு. வோல்கர்ட் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்து வருவார். வந்தால் எங்கள் வீட்டு முன்னால் கட்டாயம் நிற்பார். எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அவர் கையைத் தூக்கி லேசாகச் சாய்த்துக் காட்டுவார், உடனே கூட்டம் முழுக்க ஓரடி பின்னால் போகும். சில பெண்கள் வாயைப் பொத்திக்கொள்வார்கள். நான் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு, மாடி ஜன்னலில் இருக்கிற ஜெரேனியப் பூவைத்தான் பார்க்கிறார்கள், பின்னால் போனால் நன்றாகத் தெரியும் அல்லவா என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அந்த இரண்டு நாளும் கண்ணாடியைக் கூடுதலாக ஒரு தடவை துடைத்து, ஜன்னலோர மேசையில் வேதப்புத்தகத்தை விரித்து, தெருவிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு வசதியாகத் திருப்பியும் வைப்பேன்.

போன செவ்வாய்க்கிழமை காற்றுக்காக மேல்பக்கக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தேன். அன்றுதான் முதல் தடவையாக அவர் பேசுவது காதில் விழுந்தது. வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறேன்.

“இந்த வீட்ட நல்லாப் பாத்துக்குங்க. நானூறு வருஷமா தெருவுக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லிக்கிட்டே இருக்கு. என்னைக்காவது ஒரு நாள் உங்க காலையே தொட்டுரும். அதான் உங்கள ஓரடி தள்ளி நிக்கச் சொல்றேன்.”

“ஐயையோ, உள்ள ஆளுங்க இருக்காங்களா?” என்று ஒரு அம்மாள் கேட்டாள்.

“இருக்காங்கம்மா. ரொம்ப பக்தியான குடும்பம். அந்தத் தைரியந்தான்.”

எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா, எனக்குக் கையிலிருந்த துணி விழுந்துவிட்டது. விழுந்த துணி எந்தப் பக்கம் விழுந்தது என்று பார்த்தேன். தெருப்பக்கம்தான் விழுந்திருந்தது.

மத்தியானம் ஹார்மன் வந்ததும் பட்டாணி சூப்பைத் தட்டில் ஊற்றி வைத்து, “என்னங்க, தட்ட உத்துப் பாருங்க, தெருப்பக்கம் சூப்பு கனமா நிக்குது” என்றேன். அவர் ஆயுள் முழுக்க மதகு திறந்து மூடிய மனிதர், நீர்மட்டம் தெரிந்தவர், ஆகவே ஒரு வார்த்தை பொறுப்பாகச் சொல்வார் என்று நினைத்தேன். “அது மேசைக்கால் குட்டைடி. நம்ம கல்யாணத்துலேருந்து அட்டை வெச்சுத்தானே சாப்பிடறோம்? அட்டை நகந்துருக்கும்” என்று சொல்லிவிட்டு, கனமாக நின்ற பக்கத்தை முதலில் குடித்தார். “அப்ப வீடு விழாதுங்கறீங்களா?” என்றேன். “விழும். ஆனா சனிக்கிழமைக்குள்ள விழாது” என்றார். இதைத்தான் ஆறுதல் என்று நினைத்துச் சொன்னார்.

நேராகப் போய்த் திரு. வோல்கர்ட்டையே கேட்டிருக்கலாமே என்று தாங்கள் நினைப்பீர்கள். அவர் எங்கள் எதிர்வீடுதான். ஆனால் அவர் பிரிந்துபோன சபையில் மூப்பர். ஆராதனையில் வேதத்திலுள்ள சங்கீதங்களை மட்டும் பாடுவதா, புதிய பாட்டும் பாடலாமா என்பதில் எங்கள் சபை இரண்டானது தங்களுக்குத் தெரியும். அன்று முதல் பதினெட்டு வருடமாக நாங்கள் இரு வீட்டாரும் மரியாதைக்குத் தொப்பியைத் தொடுவோம், பேசுவதில்லை. அவர்கள் வீட்டுப் பூனைகூட எங்கள் பக்கத்து நடைபாதைக்கு வராது. நகராட்சியில் கேட்கலாம் என்றால், அவர்கள் வந்து சுவரில் சிவப்பு அட்டை ஒட்டிவிட்டு, உங்கள் மூட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள் என்பார்கள். யோசித்து யோசித்து எனக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு கூட்டத்தில் ஒருத்தியாக நடந்தால் அது பேச்சாகாது. அவர் சொல்வார், நான் கேட்பேன். பிரசங்கம் கேட்பது போல. அந்தச் சீட்டுக் காசை வீட்டுக் கணக்கில் எதன் கீழ் எழுதுவது என்று தெரியாமல் கடைசியில் ‘கூரைப் பழுது’ என்பதன் கீழ் எழுதினேன்.

நேற்று வியாழக்கிழமை, மழை அங்கியின் முக்காட்டை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டு, பழைய எடைமண்டபத்துச் சதுக்கத்தில் போய் நின்றேன். லிம்பர்க் பக்கத்திலிருந்து வந்த இரண்டு அக்கா தங்கைகள், அவர்கள் கத்தோலிக்கர்கள், எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவர்கள். ஐன்ட்ஹோவனிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர். இவர்களோடு இன்னும் சிலர். திரு. வோல்கர்ட் என்னை அடையாளம் தெரியாமல், “மழை இல்லையேம்மா?” என்றார். “வரும்” என்றேன். நம் நாட்டில் அது பொய்யாகாது.

பிறகு நடந்தோம். சம்பந்தியம்மா, நான் பிறந்து வளர்ந்த ஊர் இது. இந்த ஊரைப் பற்றி எனக்கு ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லை என்பது நேற்றுத்தான் தெரிந்தது. நான் ரொட்டி வாங்கப் போகிற வழியில் ஒருவனுடைய தலையை வெட்டியிருக்கிறார்கள். மீன் வாங்குகிற இடத்தில் ஒரு கப்பல்காரன் மனைவியை இரும்புக் கூண்டில் வைத்திருந்தார்களாம். கோயிலுக்குக் குறுக்கு வழியாகப் போகிற சந்தில் கொள்ளைநோயில் ஒரு வீட்டார் அத்தனை பேரும் செத்து, கதவை வெளியிலிருந்து ஆணி அடித்து மூடினார்களாம். இதையெல்லாம் அவர் குழந்தைக்கு மிட்டாய் கொடுக்கிற மாதிரி சிரித்துக்கொண்டே சொல்கிறார், லிம்பர்க் சகோதரிகள் “ஆகா, அருமை” என்று படம் எடுக்கிறார்கள். இனிமேல் நான் எந்த வழியாக ரொட்டி வாங்கப் போவது? ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சாவு என்றால், எங்கள் வீட்டுக்கு வரும்போது இவர் யாருடைய சாவைச் சொல்லப் போகிறார் என்று எண்ணி எண்ணியே என் கால் பின்னிக்கொண்டது. ரொட்டிக்கடை வாசலிலிருந்து கடைக்காரி டீவெர்ச்சே வேறு, “நேல்ட்சே அக்கா! கேக்குல பேர மட்டும் எழுதவா, வயசும் எழுதவா?” என்று கூவினாள். நான் திரும்பவே இல்லை. லிம்பர்க் தங்கைதான், “யாரோ நேல்ட்சேயாம், காது கேக்காது போல, பாவம்” என்றாள்.

கடைசியில் எங்கள் தெரு வந்தது. எங்கள் வீடும் வந்தது. வெளியிலிருந்து, எல்லோரோடும் சேர்ந்து, அண்ணாந்து பார்த்தேன். நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது வணக்கம் சொல்லவில்லை, யாரையோ தேடிக் குனிகிறது. உச்சியில் சாமான் தூக்குகிற கொக்கி என் தலைக்கு நேராகத் தொங்கியது. இதன் கீழேயா நான் தினமும் வாசல் கழுவுகிறேன்?

அப்போதுதான் முன்னறை ஜன்னலில் ஹார்மனைப் பார்த்தேன். நான் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து, முன்னறைக்குள் வெங்காயம் வரக்கூடாது என்ற என் சட்டத்தை மீறி, வெறும் பனியனோடு, நறுக்கிய வெங்காயத்தில் புரட்டிய ஒரு பச்சை ஹெரிங் மீனை வாலைப் பிடித்துத் தூக்கி, தலையை அண்ணாத்தி, வாயைத் திறந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் வேதப்புத்தகம் விரித்தபடி இருந்தது.

“அய்யோ பாவம், அந்த மனுஷன் நிம்மதியா சாப்பிடுறாரே, யாராச்சும் சொல்லக் கூடாதா?” என்றாள் மூத்தவள். என் பக்கம் திரும்பி, “உங்களுக்குத் தெரிஞ்சவரா?” என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்பது எனக்கே தெரியாது.

“இல்ல, அவர் உங்களையே பாக்கறாப்புல இருக்கு” என்றார் பொறியாளர்.

“எனக்கு இந்தத் தெருக்காரங்க பழக்கம் இல்ல” என்றேன்.

“அவர் பொண்டாட்டி எங்க இருக்காளோ? இந்தக் கோலத்துல ஜன்னல்ல நிக்க விட்டிருக்கா!” என்றாள் தங்கைக்காரி.

“அந்த மனுஷன எனக்குத் தெரியவே தெரியாது” என்றேன், மூன்றாவது தடவையாக. சொல்லி வாயை மூடவில்லை, கோயில் உச்சியிலிருந்த தகரச் சேவல் காற்றில் திரும்பிக் கீச்சிட்டது. கூவவில்லை, கீச்சிட்டதுதான். எனக்கு அது போதும். சேவல் கூவுமுன் ஆண்டவரையே தெரியாது என்று மூன்று தடவை சொன்ன சீஷன் நினைவுக்கு வந்தார்.

அதற்குள் ஹார்மன் மேல்கண்ணாடியைத் திறந்து, மீன் வாலை என்னை நோக்கி ஆட்டி, “ஏய் நேல்ட்சே! காசு குடுத்து நம்ம வீட்டையே வேடிக்க பாக்குறியா? உள்ள வாடி, நான் சும்மாவே காட்டுறேன்!” என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். திரு. வோல்கர்ட் தொப்பியைத் தொட்டார். பதினெட்டு வருடத்தில் முதல் தடவையாக அதோடு நிற்காமல் வாயையும் திறந்தார். “அம்மா, பயந்துட்டீங்களா? இது வேணும்னே சாய்ச்சுக் கட்டினது. மேல மூட்டை தூக்கும்போது சுவர்ல இடிக்கக் கூடாது, மழைத்தண்ணி முகப்புல வழியக் கூடாது. அந்தக் காலத்துல எல்லாமே இப்படித்தான்” என்றார். நான் முக்காட்டை எடுத்துவிட்டேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ஐன்ட்ஹோவன் பொறியாளர் தம் கைப்பேசியை எங்கள் வீட்டுச் சுவரில் வைத்து எதையோ பார்த்து, “வேணும்னு சாய்ச்சா இவ்வளவு சாய்ப்பாங்களா? பாதிதான் இருக்கணும்” என்றார்.

“பாதி வேணும்னு” என்றார் திரு. வோல்கர்ட். “மீதி தானா சாஞ்சது.”

“தானாவா?” என்றேன்.

“தானாத்தான்.”

“இன்னும் சாயுமா?”

“அத என்கிட்ட கேக்காதீங்கம்மா. நான் கட்டடக்காரன் இல்ல, கதை சொல்றவன்” என்று சொல்லிவிட்டு, கூட்டத்தைத் துறைமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்னும் யாரோ மூழ்கிச் செத்த கதை பாக்கி இருந்ததாம்.

அதன் பிறகு நான் சும்மா இருப்பேனா? ஹார்மனைப் பனியனோடேயே வேலையில் இறக்கினேன். முன்பாரத்தைக் குறைத்துப் பின்பாரத்தைக் கூட்டினால் வீடு நிமிரும், நிமிராவிட்டாலும் தயங்கும் என்பது என் கணக்கு. நான் ஆறாம் வகுப்புக்குமேல் படிக்கவில்லை, ஆனால் வீட்டுக் கணக்கில் இன்றுவரை ஒரு சென்ட் உதைத்ததில்லை. துணி அலமாரி, தையல் மிஷின், குளிர்காலத்துக்கு வாங்கி வைத்த உருளைக்கிழங்கு மூட்டைகள், என் தகப்பனார் விட்டுப்போன காலால் மிதிக்கும் ஆர்மோனியம், எல்லாம் பின்னறைக்குப் போயின. “படகுலதான் இப்படிச் சரக்க மாத்தி வெப்பாங்க, வீட்லயுமாடி?” என்று ஹார்மன் முனகினார். “நோவா பேழையில மாத்தி வெக்கலையா?” என்றேன். “அவரு வெச்சாரான்னு யாருக்குத் தெரியும்?” என்றார். கட்டிலையும் பின்னுக்குத் தள்ளினோம். சுவரை ஒட்டிப் படுத்த ஹார்மன் நன்றாகத் தூங்கினார். நான் வீடு முனகுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தேன்.

இந்த நிலையில்தான் சனிக்கிழமையைப் பற்றி யோசித்தேன். தங்கள் குடும்பத்தை ஆண்டவர் எல்லா விதத்திலும் தாராளமாக ஆசீர்வதித்திருக்கிறார். பால், வெண்ணெய், உழைப்பு, எல்லாம் இருக்கிற வீடு, அப்படித்தான் இருக்க வேண்டும். தவறாக நினைக்காமல் கேளுங்கள். பெரென்ட் அவர்களைச் சந்தையில் விற்கிற பெரிய சீஸ் வட்டுகளாக நினைத்துப் பார்த்தேன், மரியாதையோடுதான். அவர் ஒருவரே எட்டு வட்டுக்குக் குறைய மாட்டார். தங்கள் கொழுந்தனார்கள் ஆளுக்கு ஏழு. தங்களை நான் எடை போடவில்லை, அது மரியாதையல்ல. இத்தனை சீஸும் ஒரே நேரத்தில் தெருப்பக்கத்து முன்னறையில் வட்டமாக உட்கார்ந்து, கேக் வந்ததும் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தால் என்ன ஆகும்? நடுவில் தரையில் தவழ்ந்துகொண்டிருக்கப் போவது நம் ஃபெம்கே. வீடு என் தலையில் விழட்டும், நான் வாழ்ந்து முடித்தவள். அந்தக் குழந்தை இன்னும் நிற்கக்கூடப் பழகவில்லை.

ஆகையால் விழாவைத் தயவுசெய்து காம்பனில், தங்கள் மாட்டுக்கொட்டிலில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே தளம், நிலத்தை ஒட்டியது, கீழே விழ இடமில்லை. கேக்கை நான் ரயிலில் கொண்டுவருகிறேன். அது முடியாதென்றால், பின்னறையில் பாதிப் பேர் காப்பி குடிக்கும்போது மீதிப் பேர் தெருவில் உலாவட்டும். எங்கள் வீட்டு முகப்பின் கீழே மட்டும் வேண்டாம். இதை அவமரியாதையாக எடுத்துக்கொண்டு இனி எங்கள் வாசலே மிதிப்பதில்லை என்று தாங்கள் முடிவு செய்தால், அதையும் என் பாவத்துக்குச் சம்பளமாக ஏற்றுக்கொள்வேன். மிதிக்காத வாசல், விழுந்த வீட்டைவிட மேல்.

சமாதானத்தின் தேவன் தங்கள் கூரையையும் சுவரையும் அஸ்திவாரத்தையும், முக்கியமாக அஸ்திவாரத்தையும், காப்பாராக. பெரென்ட் அவர்களுக்கும் கொழுந்தனார்களுக்கும் என் வணக்கம். மாடுகளுக்கு ஹார்மனுடைய வணக்கம், அவர்தான் எழுதச் சொன்னார்.

தங்கள் அன்புள்ள, நடுக்கத்தோடு,
நேல்ட்சே

பின்குறிப்பு (செவ்வாய்க்கிழமை):

கடிதத்தை வெள்ளியன்றே தபாலில் போட நினைத்தேன். தங்கள் மனம் என்ன பாடுபடும் என்ற பயத்தில் உறையை ஒட்டாமலே வைத்திருந்தேன். இன்று காலை திரு. வோல்கர்ட் குரோனிங்கன் பக்கத்து உழவர் சங்கத்தாரைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முன்னால் வந்து, கையைச் சாய்த்துக் காட்டிய அதே நேரத்தில், பின்னறையில் பூமி பிளந்தது போல ஒரு சத்தம். அலமாரி, மிஷின், உருளைக்கிழங்கு, கட்டில், எல்லாம் சேர்ந்து தரைப் பலகையை உடைத்துக்கொண்டு கீழே போய்விட்டன. ஆர்மோனியம் போகும்போது தானாக ஒரு நீண்ட சுரம் வாசித்துக்கொண்டே போனது. ஹார்மன் வாசலில் புகைபிடித்துக்கொண்டிருந்தபடியால் பிழைத்தார்.

வீடு விழுகிறது என்று நான் அலறினேன். உழவர்கள் ஓடவில்லை, சம்பந்தியம்மா. உள்ளே ஓடிவந்துவிட்டார்கள், என்னைக் காப்பாற்ற. இருபத்திரண்டு பேர், அத்தனை பேரும் பெரென்ட் அவர்களுடைய அச்சில் வார்த்தவர்கள், எல்லோரும் எங்கள் முன்னறையில். திரு. வோல்கர்ட்டும் வாசல்படி தாண்டி வந்து என் கையைப் பிடித்து, “பயப்படாதீங்கம்மா, நான் இருக்கேன்” என்றார், பிரிந்துபோன சபையாயிருந்தும். பின்னறைக்குப் போக வழியில்லை, தெருவுக்குப் போக ஒருவருக்கும் மனமில்லை. நான் வேறென்ன செய்வது? காப்பி போட்டேன். சுவரோரமாக வட்டமாக நின்று, ஆளுக்கு ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்கள். நான் போன வாரமே கட்டிவைத்த பிறந்தநாள் தோரணத்தைப் பார்த்துவிட்டு ஒருவர் எனக்குக் கை கொடுத்து வாழ்த்துச் சொன்னார். உடனே இருபத்திரண்டு பேரும் எனக்கும், ஹார்மனுக்கும், திரு. வோல்கர்ட்டுக்கும், ஒருவருக்கொருவரும் கை கொடுத்து வாழ்த்தி முடித்தார்கள். ஹார்மன் மேசைமேல் சூப்புத் தட்டை வைத்து எனக்குக் காட்டினார். அசையவில்லை.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் எழுதாததாக நினைத்து, சனிக்கிழமை எல்லோரும் குடும்பத்தோடு வந்து சேருங்கள். கொழுந்தனார்களையும் கூட்டிவாருங்கள். முன்னறையில்தான் உட்கார வேண்டும். பின்னறையில் இப்போது தரை இல்லை.